மட்டக்கோலின் ஒரே தப்பு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளச் சீட்டிலும் மின்சார அட்டையிலும் அது பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அச்சகத்தில், தெருவில், டீக்கடையில், ஏன், மனைவி கோபத்தில் இருக்கும்போது வீட்டிலும்கூட, அவர் மட்டக்கோல்தான். சட்டைப் பையில் பேனா செருகிக்கொள்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் பதினைந்து சென்டிமீட்டர் இரும்பு அளவுகோலைச் செருகியிருப்பார். பல் டாக்டரிடம் போனால் வாயைத் திறப்பதற்கு முன்னால் எழுந்துபோய் சுவரில் தொங்கும் சான்றிதழை நேராக்கிவிட்டு வந்து உட்காருவார். அடுத்தவர் வீட்டுக் காலண்டர் அரை விரல் சாய்ந்திருந்தால் அந்த வீட்டில் அவருக்குத் தண்ணீர் இறங்காது.

வேலை, அட்டைப்பெட்டி அச்சடிக்கும் அச்சகத்தில். சோப்பு டப்பா, மாத்திரை டப்பா, பல்பு டப்பா என்று எது வந்தாலும் அதற்குப் படம் போட்டு, எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது, எங்கே ஒட்டுவது என்று கோடு கிழித்துக் கொடுப்பது அவர் மேசை. முப்பத்தொரு வருடம். இதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. "என் மேசையில இருந்து இதுவரைக்கும் ஒரு தப்பு வெளிய போனதில்ல" என்பார். அவர் "என் மேசை" என்று தொடங்கும்போதே மெஷின்காரர்கள் உதட்டை அசைத்து மீதியை முடித்துவிடுவார்கள். பக்கத்து மேசைக்காரர் ஒருமுறை பவுடர் டப்பாவில் படத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டார். கடை அலமாரியில் பத்தாயிரம் குழந்தைகள் தலைகீழாக நின்று சிரித்தன. நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. மட்டக்கோல் அதை வாரம் ஒருமுறையாவது நினைவுபடுத்தாமல் விட்டதில்லை. பக்கத்து மேசைக்காரர் நல்ல மனிதர், அதனால்தான் இன்னும் இரும்பு அளவுகோல் இவர் பையிலேயே இருக்கிறது.

இப்படிப்பட்டவருக்குக் கொழுந்தியாளாக யார் வாய்க்க வேண்டும்? கதவக்காதான் வாய்த்தாள்.

அந்தப் பக்கத்தில் வீட்டுக் கதவுக்குப் படம் எழுதுவது பழைய கலை. அடியிலிருந்து ஒரு கொடி கிளம்பி மேலே ஏறும். தாழ்ப்பாளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மீன், கண் உயரத்தில் ஒரு பறவை. செங்காவி, நீலம், சுண்ணாம்பு வெள்ளை, அவ்வளவுதான் நிறம். அருங்காட்சியகத்துக் கண்ணாடிக்குள்ளும் இருக்கிறது, பஞ்சர் கடைக் கதவிலும் இருக்கிறது. மட்டக்கோலின் மனைவிக்குத் தங்கை அதை எழுதுகிறவள். ஸ்கூட்டரில் முன்னால் வர்ண டப்பா, பின்னால் மடக்கு ஏணி. ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் கதவக்கா. எழுதி முடித்ததும் கதவின் அடியில் "கதவக்கா" என்று போட்டுவிட்டுத்தான் ஏணியை மடக்குவாள். தேதி வாங்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், அவ்வளவு கிராக்கி.

அந்த ஊரில் படம் இல்லாத கதவு ஒன்றே ஒன்றுதான். அது மட்டக்கோல் வீட்டுக் கதவு.

காரணம் கேளுங்கள். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் புது வீட்டுக்குக் கதவு மாட்டிய அன்று, அக்கா வீடாயிற்றே என்று காசு பேசாமல் ஆசையாக வர்ணத்தோடு வந்தாள். அடியில் தொடங்கி தாழ்ப்பாள் உயரம் வரைக்கும் கொடியை ஒரே இழுப்பில் இழுத்தாள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மட்டக்கோலுக்குக் கை சும்மா இருக்குமா? அளவுகோலைக் கொடியின் மேல் வைத்தார். கூரான பென்சிலால் ஒவ்வொரு வளைவின் விளிம்பிலும் ஒரு சின்னக் கீறல் போட்டு, பக்கத்தில் எண்ணும் எழுதினார். "இங்க நாலு மில்லி வெளிய போயிருக்கும்மா. இங்க ஏழு. இங்க மூணு உள்ள வந்திருக்கு."

"அங்கெல்லாம் மரத்துல கணு இருக்கு அத்தான். கணுவச் சுத்தித்தான் கொடி போகும்."

"கணு இருந்தா என்ன? கோடுன்னா கோடா இருக்க வேணாமா? கோணலா இருக்கே!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரிந்தவளைப் பார்த்து, ஆட்டத்துக்கே சம்பந்தமில்லாத ஒருவர் சொன்னார். அவள் ஒன்றும் சண்டை போடவில்லை. மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து, ஈரம் காய்வதற்குள் கொடி முழுவதையும் துடைத்தாள். "இந்த வாசல் வழியா நான் இனிமே உள்ள வந்தா ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஏணியை மடக்கினாள்.

சொன்னதைச் செய்தாள். ஆனால் அக்காவை விட்டுக்கொடுப்பாளா? வாரம் இரண்டு தடவை வருவாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவு வழியாக வருவாள். சாப்பிடுவாள், சிரிப்பாள், அத்தானைக் கிண்டல் செய்வாள், மறுபடியும் பின்வாசல் வழியாகவே போவாள். அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்து வீடு திரும்பிய நாளில் கொட்டுகிற மழையில்கூடச் சுற்றித்தான் வந்தாள். மட்டக்கோலும் கூப்பிடவில்லை. கூப்பிடுவதென்றால் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். அவர் வாயில் மற்ற எல்லாச் சொல்லும் வரும், அது ஒன்று மட்டும் வராது.

இப்படியே போயிருக்கும். நடுவில் பாரம்பரியம் வந்தது.

பாரம்பரியம் என்பது ஒரு வாடிக்கையாளருக்கு அச்சகத்தார் வைத்த பெயர். அழகுப் பொருள் கம்பெனி நடத்தும் ஒரு மேடம். குளியல் சோப்பு, கூந்தல் எண்ணெய், முகப்பூச்சு. மூச்சுக்கு மூன்று தடவை பாரம்பரியம் என்பார். கம்பெனி தொடங்கி மூன்று வருடம், விளம்பரத்தில் நானூறு வருடம். எப்படிக் கணக்கு வருகிறது என்று கேட்கக் கூடாது. அந்தச் சோப்பு எந்தக் கொப்பரையில் கொதிக்கிறதோ அதே கொப்பரையில்தான் மறுநாள் வேறு ஒருவருக்காகத் துணி சோப்பு கொதிக்கும். மேடம் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தான் சொல்வதை முழுக்க நம்புகிறவர். அதுதான் தொல்லை.

"இந்த மண்ணோட கதவுச் சித்திரம் டப்பா மேல வரணும். பாக்கறவங்களுக்கு ஒரு பழைய வீட்டுக் கதவத் திறக்கற மாதிரி இருக்கணும்" என்றார்.

மட்டக்கோல் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து, கம்ப்யூட்டரில் கொடியின் ஒரு பாதியை வரைந்து, மறுபாதியைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி ஒட்டினார். மீனை வட்டக்கருவியால் போட்டது போலப் போட்டார். அப்படி ஒரு நேர்த்தி. மேடம் பார்த்துவிட்டு, "பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கே" என்றார். மனிதர் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கொடியைக் கொஞ்சம் கோணலாக்கினார். "இப்ப குடிச்சிட்டு ஒட்டின டைல்ஸ் மாதிரி இருக்கு" என்றார் மேடம். மூன்றாவதைப் பார்த்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலாளி மேசைக்கு வந்தார். "இந்த ஆர்டர நம்பித்தான் புது மெஷினே எறக்கியிருக்கேன். ஒரு வாரத்துக்குள்ள அவங்களுக்குப் புடிச்ச மாதிரி ஒண்ணு வரலன்னா, இந்த மேசைக்கு வேற ஆளத்தான் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க." இதை எப்படிச் சரியாக எடுத்துக்கொள்வது என்று மட்டக்கோலுக்குத் தெரியவில்லை.

அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்து மனைவி கேட்டாள், "கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறீங்களே, அவகிட்டக் கேட்டா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?"

குறைந்துதான் போவார். ஆனாலும் போனார். கதவக்கா ஒரு மருந்துக் கடைக் கதவில் பறவைக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தாள். இவர் கீழே நின்று எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரைக்கும் ஏணியிலிருந்து இறங்கவில்லை.

"ஆக, கோணலா வேணும்" என்றாள்.

"ஆமா."

"நம்மகிட்டத்தான் நெறைய இருக்கே. எவ்வளவு வேணும், நாலு மில்லியா, ஏழு மில்லியா?"

மட்டக்கோல் கையிலிருந்த சுருளைப் பிரித்தார். பெரிய தாள் ஒன்றைக் கொண்டுபோயிருந்தார், நீட்டினார். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இதுல கணுவே இல்லையே அத்தான். எதச் சுத்திப் போறது? எனக்குக் கதவு வேணும். ஊர்ல வெறும் கதவு ஒண்ணுதான் பாக்கி."

சரி என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

"இன்னொண்ணு. காசு உங்க வழக்கப்படி குடுங்க, அதப் பத்திப் பேச்சில்ல. டப்பா மேல எம்பேரு இருக்கணும். கதவுல போடறேன் இல்ல, அது மாதிரி. நான் எழுதுன எதுவும் பேரில்லாம வெளிய போனதில்ல."

"போட்டுடலாம்மா. இது ஒரு பெரிய விஷயமா? என் பொறுப்பு."

"உங்க பொறுப்பு?"

"என் வாக்கு."

அவள் ஏணியில் இரண்டு படி இறங்கி அவர் முகத்தைப் பார்த்தாள். "அந்தப் பேரப் பாக்கற அன்னைக்கு உங்க வாசல் வழியா வரேன் அத்தான். அக்கா இருபத்தாறு வருசமா அதத்தான் எதிர்பாத்துட்டிருக்கா." அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து எழுதினாள். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. மட்டக்கோல் அளவுகோலை அன்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார் என்று சொல்கிறார்கள். பூட்டியது மனைவி. கொடி, மீன், பறவை, அடியில் "கதவக்கா". முடித்துவிட்டு, முன்வாசலில் நின்றிருந்தவள் அங்கிருந்து சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசல் வழியாக டீ குடிக்க வந்தாள்.

மட்டக்கோல் கதவைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து மறுநாள் மேசைக்குக் கொண்டுபோனார். திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, தூசி துரும்பை நீக்கிக்கொண்டே வந்தார். கொடியின் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் தென்பட்டது. பக்கத்தில் 4. இன்னும் மேலே போனார், 7. அதற்கும் மேலே 3. அவருடைய கையெழுத்தேதான். மண்ணெண்ணெய்க்கு வர்ணம் போனது, மரத்தில் பதிந்த பென்சில் போகவில்லை. போகட்டும், அழித்துவிடலாம் என்று மவுஸை நகர்த்தியவர் கை அப்படியே நின்றுவிட்டது. புதுக் கொடியின் விளிம்பு அந்த மூன்று கீறல்களையும் தொட்டுக்கொண்டு போயிற்று. இருபத்தாறு வருடம் கழித்து, அளக்காமல், அடையாளம் பார்க்காமல் இழுத்த கோடு, அன்றைக்குப் போன இடத்திலேயே போயிருந்தது. மயிரிழை பிசகவில்லை. திரையில் வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார். முப்பத்தொரு வருடத்தில் எந்த மெஷினும் இப்படி ஒரு துல்லியத்தை அவருக்குக் காட்டியதில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. மூன்று கீறலையும் படத்திலிருந்து அழித்தார். கதவில் இருப்பதை என்ன செய்வது?

மேடம் படத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதுதான்! இதத்தான் நான் சொல்லிட்டே இருந்தேன்! நானூறு வருசம் அப்படியே பேசுது." வர்ணம் காய்ந்து நாலு நாள்கூட ஆகவில்லை, அது வேறு விஷயம். முதலாளிக்கும் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. மட்டக்கோல் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதியவர் பெயரைக் கீழே சின்னதாகப் போட வேண்டும் என்றார்.

"பேரா?" மேடம் உண்மையாகவே வருத்தப்பட்டார். "பேரு போட்டா இது யாரோ ஒருத்தங்க வரைஞ்சதா ஆயிடுமே சார்."

"ஒருத்தங்கதான் மேடம் வரைஞ்சாங்க."

"அது நமக்குத் தெரியும். பாரம்பரியத்துக்குப் பேரு கிடையாது. அதான் அதோட அழகே."

முதலாளி மேசைக்கடியில் இவர் காலை மிதித்தார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அதன் பிறகு மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெயர் போட்டால் ஆர்டர் போகும், மேசை போகும். போடாவிட்டால் வாக்குப் போகும், அந்த வாசலுக்கு அவள் வரவே மாட்டாள். மதில் மேல் பூனையாக நான்கு நாள் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் தொழிலில் உள்ளவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி, அவர்களில் புத்தியுள்ள யாரும் செய்யாத வழி.

எந்த அட்டைப்பெட்டியை எடுத்தாலும் பக்கவாட்டில் விரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு இருக்கும். அதில் பசை தடவி உள்ளே மடித்து ஒட்டினால்தான் தட்டையான அட்டை பெட்டியாகும். அந்த மடிப்பை வெறுமையாக விட வேண்டும். மை இருக்கும் இடத்தில் பசை பிடிக்காது. இதுதான் இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். மட்டக்கோலே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் பசை மடிப்பில் அவர் "எழுதியவர்: கதவக்கா" என்று போட்டார். போடுவதுதான் போடுகிறோம், மரியாதையாகப் போடுவோம் என்று செங்காவிப் பட்டை கொடுத்து வெள்ளை எழுத்தில் போட்டார். பசைக்கு ஓரத்தில் மூன்று மில்லி விட்டிருக்கிறோமே, போதும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். ஒட்டிய பிறகு யார் கண்ணிலும் படாது. பெயரும் இருக்கும், மேடத்துக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களும் இப்படித்தான் மூன்று மில்லி கணக்குப் பார்ப்பார்கள் போலிருக்கிறது. ப்ரூஃப் தாளில் "சரி" என்று கையெழுத்துப் போட்டவரும் அவரே. அவர் மேசைத் தாளை வேறு யாரும் திரும்பப் பார்ப்பது வழக்கமில்லை. தப்பே வராத மேசையாயிற்றே!

முதல் டப்பா வந்ததும் ஓடிப்போய்க் கதவக்காவிடம் கொடுத்தார். அவள் ஆறு பக்கமும் திருப்பினாள். மூடியைத் திறந்து சோப்பை எடுத்து மோந்தாள், உள்ளே எட்டிப் பார்த்தாள். "எங்க அத்தான்?"

மட்டக்கோல் பேனாக்கத்தியை எடுத்து ஒட்டின இடத்தைப் பிரித்தார். செங்காவிப் பட்டை தெரிந்தது.

அவள் அதைப் படித்தாள். "கதவத் தொறந்தா தெரியுற பேருன்னா சரி. இது வீட்ட இடிச்சாத்தான் தெரியும் போலிருக்கு."

"போட்டிருக்கேன் இல்லம்மா. வாக்குப்படி போட்டிருக்கேன்."

"போட்டு, அது மேலயே பசைய அப்பியிருக்கீங்க. உங்க வாக்கு உங்க அளவுகோலுக்குச் சரியா இருக்கு அத்தான். அதுவரைக்கும் சந்தோசம்." டப்பாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவளுக்குக் கண் கலங்கியதா என்று மட்டக்கோலால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வாரம் பின்வாசலுக்கும் அவள் வரவில்லை. மனைவி பின்கதவைத் தாழ் போடாமலே வைத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

பிறகு மழைக்காலம் வந்தது. காற்றில் ஈரம் ஏற ஏற, மூன்று மில்லிப் பசை தன்னால் ஆன மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. கடை கடையாக, அலமாரி அலமாரியாக டப்பாக்கள் பக்கவாட்டில் வாயைப் பிளந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் "எழுதியவர்: கதவக்கா".

மேடமும் முதலாளியும் சேர்ந்தே மேசைக்கு வந்தார்கள். முதலாளி பிளந்த டப்பாவை அவர் முன்னால் வைத்தார். பாவம், அந்த மனிதர் தப்பிக்க ஒரு வழியையும் அவரே காட்டினார். "யானைக்கும் அடி சறுக்கும். ஏதோ கைத்தவறுதலா அந்த இடத்துல விழுந்திருக்கும். மேடத்துகிட்டத் தப்பு நடந்துடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் பாத்துக்கறேன்."

பக்கத்து மேசைக்காரர் ஒன்பது வருடமாகக் காத்திருந்த தருணம், நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். ஒரே ஒரு சொல். சொன்னால் மேசை பிழைக்கும். மட்டக்கோல் வாயைத் திறந்தார்.

"தப்பெல்லாம் இல்ல சார். தெரிஞ்சேதான் போட்டேன்."

இதை வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் வீரமும் இருந்திருக்கலாம். முக்கால்வாசி வீம்பு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வேண்டுமென்றே செய்த துரோகி என்று பெயர் வாங்கினாலும் வாங்குவாரே தவிர, அந்த மேசையிலிருந்து தப்பு போனது என்று அவர் சொல்ல மாட்டார்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் மேடம் இருக்கிறாரே, அவர் சிரித்தார். "நல்லவேளை போட்டீங்க சார்! கடைக்கெல்லாம் போன் மேல போன். யாரு அந்தக் கதவக்கான்னு கேக்கறாங்க. உள்ள பேரு இருக்கற டப்பாதான் வேணும்னு பிரிச்சுப் பாத்து வாங்கறாங்களாம். அடுத்த அச்சுல பேர முன்பக்கமே பெருசாப் போட்டுடலாம்."

மட்டக்கோலுக்கு மூச்சு வந்தது. கண்ணே நிறைந்துவிட்டது. மேடம் ஒரு தாளை நீட்டினார். "இந்த வரியோட."

தாளில் இருந்தது இதுதான்: நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த ஓவியர் கதவக்காவின் நினைவாக.

"மேடம், அவங்க உயிரோட இருக்காங்க. எங்க வீட்டம்மாவோட தங்கச்சி. ஸ்கூட்டர் ஓட்டறாங்க."

"ஸ்கூட்டர் ஓட்டறவங்க எப்படி சார் பாரம்பரியம் ஆவாங்க?"

"இது தப்பு மேடம்."

"சின்ன விசயம்தானே…"

"தப்பு. என் மேசையில இருந்து இதுவரைக்கும் ஒரு தப்பு வெளிய போனதில்ல. இதுவும் போகாது."

மெஷின்காரர்கள் இந்தத் தடவை உதட்டை அசைக்கவில்லை. அந்த வரியைப் பக்கத்து மேசைக்காரர் போட்டார், தலைகீழாகப் போடாமல் நேராகவே போட்டார். மட்டக்கோலைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள், டப்பா எண்ணி அடுக்கும் வேலை. வேண்டுமென்றே செய்த குற்றத்துக்குப் பாராட்டு, செய்ய மறுத்த தப்புக்குத் தண்டனை. அடுக்கிய டப்பாக்கள் மட்டும் நூல் பிடித்து அளந்ததைப் போல நேராக நின்றன.

மனைவி இதைத் தங்கைக்குப் போனில் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த விடுமுறை நாளில் கதவக்கா பின்வாசல் வழியாக வந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். டீயை அத்தான் பக்கம் நகர்த்தி வைத்தாள். அப்போது முன்கதவு தட்டப்பட்டது. வெளியே மேடம். ஒரு கையில் புது டப்பா, ஒரு கையில் பழக்கூடை.

"கதவக்கா இங்கதான் இருப்பாங்கன்னு சொன்னாங்க. கூந்தல் எண்ணெய்க்குப் புதுசா படம் வேணும்."

கதவக்கா எழுந்து வெறுங்காலோடு கூடத்தைக் கடந்து, முன்படிக்கே இறங்கி நின்றாள். மேடம் டப்பாவை நீட்டினார். "பாருங்க, முன்பக்கமே பேரு!"

அவள் எழுத்துக் கூட்டுவதைப் போல, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தாள். "நானூறு… ஆண்டுகளுக்கு முன்… வாழ்ந்து… மறைந்த…" டப்பாவைத் திருப்பி மேடத்தின் பழக்கூடையிலேயே வைத்தாள். "நான் செத்து நானூறு வருசம் ஆச்சுன்னு நீங்களே அச்சடிச்சிருக்கீங்களேம்மா. எண்ணெய்க்குப் படம் வேணும்னா எங்கயாவது தோண்டித்தான் பாக்கணும். நல்லா ஆழமாத் தோண்டச் சொல்லுங்க."

மேடம் சிரிப்பார் என்று பார்த்தால், நிஜமாகவே யோசித்துக்கொண்டு கார் ஏறினார். ஆழமாகத் தோண்டுவதை அடுத்த விளம்பரத்தில் போட்டாலும் போடுவார்.

கார் போன பிறகு கதவக்கா படியிலேயே நின்றாள். உள்ளே போக வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பெயர் வந்தும் வராமல்தானே இருக்கிறது! அவள் பக்கச் சந்தை நோக்கித் திரும்பியபோது மட்டக்கோல் வாசலுக்கு வந்தார். பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். "அடப்பாவி, மறுபடியுமா!" என்று உள்ளேயிருந்து மனைவி அலறியேவிட்டாள்.

அவர் கதவருகில் குந்தி உட்கார்ந்து, அளவுகோலின் முனையால் கொடியின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க பாரும்மா. நாலு. இது ஏழு. இது மூணு. அன்னைக்கு நான் போட்டது. நீ இப்ப எழுதின கோடு மூணையும் தொட்டுட்டுப் போகுது. அரை மில்லி மாறல. அன்னைக்கே சரியாத்தான் எழுதியிருக்க. நான் சொன்னதுதான்…" நிறுத்தினார். அளவுகோலைத் தரையில் வைத்தார். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதர் ஒரு சொல்லைப் புதிதாகச் சொல்லப் பழகுவதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "தப்பு. அது என் தப்பு."

எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார்.

கதவக்கா குனிந்து அந்தக் கீறல்களைப் பார்த்தாள். விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். நிமிர்ந்தபோது அவள் கண்ணில் நீர் நின்றது, வாய் மட்டும் விடவில்லை. "எத்தனை மில்லி தப்பு அத்தான்?"

"முழுசும்."

"அக்கா, கேட்டுக்கிட்டியா? முழுசுமாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்திக்கொண்டே அவள் நிலையைத் தாண்டி உள்ளே வந்தாள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கூடத்தில் நின்று சிரித்தார்களா அழுதார்களா என்று மட்டக்கோல் அளந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போதும் முன்வாசல் வழியாகவே போவேன் என்று பிடிவாதமாக வந்தாள். படியில் இறங்கியதும்தான் நினைவு வந்தது, செருப்பு பின்வாசலில் கிடந்தது. மட்டக்கோலே சுற்றிக்கொண்டு போய் எடுத்துவந்து, படியில் இரண்டையும் நேராக வைத்தார்.